பேட்ச் டியூஷனில் நான் மட்டும்தான் பேசுகிறேன், என்ன செய்யலாம்?

பெரம்பூர்_கணக்கு
சனி, இரவு 9.48

வணக்கம். எம்.எஸ்சி. கணக்கு முடித்துவிட்டு பி.எட். சேரக் காத்திருக்கிறேன். போன வருடம் மூன்று பிள்ளைகளுக்கு அவரவர் வீட்டுக்கே போய்ச் சொல்லிக்கொடுத்தேன். அது நன்றாகவே போயிற்று. அந்தத் தைரியத்தில் இந்த ஜூனில் எங்கள் வீட்டு மாடியில், தகரக் கூரைக்கடியில், பத்தாம் வகுப்பு கணக்குக்கு ஒரு பேட்ச் ஆரம்பித்தேன். பதினோரு பேர், நான்கு பள்ளிக்கூடம். எல்லோரும் ஸ்டேட் போர்டு. ஏழு பேர் இங்கிலீஷ் மீடியம், நாலு பேர் தமிழ் மீடியம். திங்கள், புதன், வெள்ளி மாலை 6 முதல் 7.30.

பிரச்சினை இதுதான். நான் போர்டில் கணக்கைப் போடுகிறேன், அவர்கள் பார்த்து எழுதுகிறார்கள். கேள்வி கேட்டால் முன் பாயில் உட்காரும் இரண்டு பெண்கள் மட்டும் பதில் சொல்கிறார்கள். மற்றவர்களைக் கேட்டால் "புரிஞ்சுது மிஸ்". கடைசிப் பாயில் ஒரு பையன் இருக்கிறான், மூன்று மாதத்தில் அவன் என்னிடம் பேசிய ஒரே வாக்கியம் "மிஸ், பேனா கீழ விழுந்துடுச்சு".

போன புதன்கிழமை முக்கோணவியல். இறக்கக் கோணக் கணக்கு (உயரத்திலிருந்து பார்க்கும்போது பார்வை கிடைக்கோட்டிலிருந்து எவ்வளவு கீழே இறங்குகிறது என்பது) இரண்டு போட்டுக் காட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். வெள்ளிக்கிழமை அதே மாதிரி ஒன்று கொடுத்தேன்: 50√3 மீட்டர் உயரக் கோபுரத்தின் உச்சியிலிருந்து ஒரு காரைப் பார்த்தால் இறக்கக் கோணம் 30°, கார் கோபுரத்தின் அடியிலிருந்து எவ்வளவு தூரம்? விடை 150 மீட்டர். பதினோரு பேரில் ஏழு பேர் 50 என்று எழுதியிருக்கிறார்கள். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. தொண்டையும் கட்டிவிட்டது.

ஒரு பிள்ளைக்குச் சொல்லித்தரத் தெரிந்த எனக்குப் பதினோரு பேருக்குத் தெரியவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

வடசென்னை_வேதியியல்
சனி, இரவு 10.15

எனக்கும் இதே கதை. பாடம் மட்டும் வேறு. பதில்களுக்காகக் காத்திருக்கிறேன்.

ஓய்வு_வாத்தியார்
ஞாயிறு, காலை 6.20

அம்மா, முதலில் "புரிஞ்சுதா?" என்று கேட்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். அந்தக் கேள்விக்குப் பிள்ளைக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். இல்லை என்று சொன்னால் நீங்கள் இன்னொரு தடவை போடுவீர்கள், பத்துப் பேர் திரும்பிப் பார்ப்பார்கள், வீட்டுக்குப் போக நேரமாகும். எந்தப் பதினைந்து வயசுப் பிள்ளை அதற்கு ஒப்புக்கொள்ளும்? நான் பள்ளியில் 31 வருஷம் இருந்தேன். முதல் பத்து வருஷம் அந்த "புரிஞ்சுது சார்" பேச்சை நம்பியவன்.

அதற்குப் பதிலாக, செய்து காட்டும்படியான ஒன்றைக் கேளுங்கள். "கோணத்தை எங்கே குறிக்கணும்? நோட்டில் புள்ளி வையுங்கள்." ஒரு சுற்று நடந்து வந்தால் பதினோரு நோட்டும் உங்கள் கண்ணில் பட்டுவிடும்.

இரண்டாவது, கேள்வி கேட்டுவிட்டுச் சும்மா இருக்கப் பழகுங்கள். மேரி பட் ரோ என்று ஒரு அமெரிக்க ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து கேட்டார். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள். அதை மூன்று விநாடி ஆக்கினால் பதில்கள் நீளமாகின்றன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள். மூன்று விநாடி சின்ன நேரமாகத் தெரியும், நின்று பார்த்தால்தான் அதன் நீளம் புரியும். நான் கண்டுபிடித்த வழி: கையில் தண்ணீர் பாட்டில். கேள்வி கேட்டதும் மூடியைத் திறந்து ஒரு வாய் குடித்து மூடுவேன். அதற்குள் யாராவது பேசிவிடுவார்கள். உங்கள் தொண்டைக்கும் நல்லது.

சென்டம்_சார்
ஞாயிறு, காலை 10.02

எல்லாம் சரி. ஆனால் இந்தப் பெண் டியூஷன் நடத்துகிறார், ஆராய்ச்சிக்கூடம் அல்ல. பெற்றோர் மார்க்குக்காகக் காசு கொடுக்கிறார்கள். கேள்வித்தாள் எப்படி? ஒரு மார்க் 14, இரண்டு மார்க் 10, ஐந்து மார்க் 10, கடைசியில் செய்முறை வடிவியலும் வரைபடமும் 8 + 8. அந்தப் பதினாறும் கையில் இருக்கிற காசு. டிசம்பருக்குள் போர்ஷனை முடித்து, ஜனவரியிலிருந்து வாரம் இரண்டு டெஸ்ட் போட்டால் மார்க் தானாக வரும். பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்துப் பேசவிட்டால் போன சினிமாவைப் பற்றிப் பேசுவார்கள். கொளத்தூரில் 14 வருடமாக எடுக்கிறேன், அனுபவத்தில் சொல்கிறேன். போடு, எழுதவை, டெஸ்ட் வை. அவ்வளவுதான்.

சாக்பீஸ்
ஞாயிறு, மதியம் 2.37

சென்டம் சார் சொன்னதில் டெஸ்ட் பற்றி எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் "போடு, எழுதவை" என்பதைத்தான் தங்கச்சி ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறார். ஏழு பேர் 50 என்று எழுதியது அதன் பலன்தானே?

நான் கல்லூரியில் படிக்கும்போது ஜூனியர்களுக்கு மாலை வகுப்பு எடுத்தேன். எங்கள் பேராசிரியர் ஒருவர் அதற்கு முன்மாதிரியாகச் சொன்னது, 1973இல் அமெரிக்காவில் மிசூரி பல்கலைக்கழகத்தின் கன்சாஸ் சிட்டி வளாகத்தில் டியானா மார்ட்டின் தொடங்கிய ஒரு முறை. கடினமான பாடங்களுக்கு, அதை ஏற்கெனவே நன்றாக முடித்த சீனியர் மாணவர் வாராவாரம் குழு அமர்வு நடத்துவார். அதில் முக்கியமான கட்டுப்பாடு, நடத்துபவர் பாடத்தை மறுபடியும் நடத்தக் கூடாது. கேள்வி வந்தால் அதைக் குழுவிடமே திருப்பிவிட வேண்டும். "இது யார் நோட்டில் இருக்கு?", "முதல் வரி என்னவா இருக்கும்?", "அவள் சொன்னதை நீ உன் பாஷையில் சொல்லு." இப்படி.

எனக்கு இது முதலில் ஏமாற்று வேலை மாதிரித்தான் பட்டது. பதில் தெரிந்தும் சொல்லாமல் நிற்பது சுலபமில்லை. பிறகு ஒரு பழக்கம் கைவந்தது: சாக்பீஸை நான் பிடிப்பதில்லை. (பெயர்க் காரணம் இதுதான்.) கணக்கு தெரியாத பிள்ளை போர்டில் நிற்கும். எழுதுவது மட்டும்தான் அதன் வேலை. உட்கார்ந்திருப்பவர்கள் சொல்லச் சொல்ல எழுதவேண்டும், புரியாத வரியை எழுத மறுக்கலாம். "ஏன் அப்படி?" என்று கேட்கும் உரிமை அதற்கு உண்டு. தெரிந்த பிள்ளையைப் போர்டுக்கு அனுப்பினால் அது முதுகைக் காட்டிக்கொண்டு கடகடவென்று போட்டுவிட்டு வந்து உட்கார்ந்துவிடும். யாருக்கும் ஒன்றும் மிச்சமிருக்காது.

உங்கள் 50 மீட்டர் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். தப்பு எங்கே என்று உங்களுக்குத் தெரியும்: 30°ஐக் கிடைக்கோட்டிலிருந்து கீழே அளக்காமல் கோபுரச் சுவரை ஒட்டி வைத்துவிட்டார்கள். நீங்கள் அதைச் சொன்னால் எழுதிக்கொள்வார்கள், அடுத்த வாரம் மறுபடி 50 வரும். சொல்லாதீர்கள். போர்டில் 50, 150 என்று இரண்டையும் எழுதிவிட்டு, எது சரி என்று முகத்திலும் காட்டாமல், "ரெண்டு பேருமே நியாயமாத்தான் போட்டிருக்காங்க. எந்தக் கார் ரொம்பக் கீழே குனிஞ்சு பார்க்கவேண்டிய தூரத்துல இருக்கு?" என்று கேளுங்கள். 50√3 என்பது ஏறக்குறைய 87 மீட்டர். அவ்வளவு உயரத்திலிருந்து 50 மீட்டரில் நிற்கும் காரைப் பார்க்கத் தலையை நன்றாகக் கவிழ்க்க வேண்டும். போட்டுப் பார்த்தால் இறக்கக் கோணம் 60° வரும். அதை அவர்களே கண்டுபிடிக்கும் வரை பொறுங்கள். மாடியில்தானே வகுப்பு? கைப்பிடிச் சுவரோரம் நின்று கீழே இருக்கும் ஆட்டோவைப் பார்க்கச் சொல்லுங்கள். கையை முதலில் நேராக நீட்டு, அப்புறம் ஆட்டோவை நோக்கி இறக்கு. கை எவ்வளவு இறங்கிற்றோ அதுதான் கோணம்.

ரெண்டு_பிள்ளை_அம்மா
ஞாயிறு, மாலை 5.11

ஒரு அம்மாவாகச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். போன வருடம் என் மகன் ஒரு டியூஷனிலிருந்து வந்து "மிஸ் ஒண்ணுமே சொல்லித்தரல, எங்களையே பேசிக்கச் சொல்றாங்க" என்றான். மறுநாளே நிறுத்திவிட்டேன். இப்போது இங்கே படித்துப் பார்த்தால் அந்த மிஸ் நல்லதுதான் செய்திருக்கிறார் போலிருக்கிறது. ஆனால் எனக்கு எப்படித் தெரியும்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நீங்கள் முறையை மாற்றுவதாக இருந்தால் முதலில் எங்களிடம் சொல்லுங்கள். பத்து நிமிடம் கூப்பிட்டு ஒரு கணக்கை அதே மாதிரி எங்களுக்கே நடத்திக் காட்டினால் இன்னும் நல்லது.

இன்னொன்று. அதற்கு முன்னால் மகள் போன இடத்தில் டெஸ்ட் மார்க்கைக் குறைவிலிருந்து ஆரம்பித்து உரக்க வாசிப்பார்கள். அவள் பெயர் எப்போதும் இரண்டாவதாக வரும். அங்கே இருந்த எட்டு மாதமும் அவள் சந்தேகம் கேட்டதே இல்லை. இப்போது பன்னிரண்டாவது, இன்னமும் வகுப்பில் கை தூக்க மாட்டாள். உங்கள் கடைசிப் பாய் பையனை எல்லோருக்கும் முன்னால் திடீரென்று எழுப்பிக் கேட்டுவிடாதீர்கள்.

பெரம்பூர்_கணக்கு
செவ்வாய், இரவு 8.55

எல்லோருக்கும் நன்றி. நேற்றே முயற்சி செய்தேன். சொதப்பிவிட்டது.

இரண்டிரண்டு பேராகப் பிரித்து, ஜோடிக்கொரு கணக்கு கொடுத்து, பேசிக்கொண்டே போடுங்கள் என்றேன். ஐந்து நிமிடத்தில் சத்தம் தாங்காமல் அப்பா மாடிக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார். முன் பாய்ப் பெண்கள் இரண்டு பேரும் மூன்று நிமிடத்தில் முடித்துவிட்டு "நெக்ஸ்ட் மிஸ்?" என்றார்கள். ஒரு ஜோடியில் ஒருவன் போட, மற்றவன் பார்த்து எழுதினான். கடைசிப் பாய்ப் பையனுக்கு ஜோடி வரவில்லை (பதினோரு பேர், கணக்கு டீச்சருக்கு இதுகூடத் தோன்றவில்லை). நானே பக்கத்தில் உட்கார்ந்தேன், அவன் இன்னும் சுருங்கிப்போனான். கடைசியில் ஒரு பையன் "நீங்களே போட்டுடுங்க மிஸ், டைம் வேஸ்ட் ஆகுது" என்றான். போட்டுவிட்டேன்.

தண்ணீர் பாட்டில் மட்டும் வேலை செய்தது.

சென்டம்_சார்
செவ்வாய், இரவு 9.03

நான் அப்போதே சொன்னேன்.

மாடிப்படி
செவ்வாய், இரவு 11.26

அக்கா, ஒரே நாளில் இது வராது. நான் வியாசர்பாடியில் இல்லம் தேடிக் கல்வியில் தன்னார்வலராக இருந்தேன். 2021இல், கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்த இழப்பை ஈடுகட்ட அரசு தொடங்கிய திட்டம். மாலையில் ஒன்று, ஒன்றரை மணி நேரம், ஒருவருக்கு இருபது பிள்ளைகள் என்ற கணக்கு. என் கூட்டத்தில் மூன்றாம் வகுப்பும் இருந்தது, ஐந்தாம் வகுப்பும் இருந்தது. முதல் வாரம் நானும் உங்களை மாதிரி "பேசுங்கள்" என்றேன். பேசினார்கள், பாடத்தைத் தவிர எல்லாவற்றையும்.

என்ன தப்பு என்று பிறகுதான் புரிந்தது. தனியாக யோசிக்க நேரமே கொடுக்காமல் நேராக ஜோடி சேர்த்துவிட்டேன். ஒன்றும் யோசிக்காத இரண்டு பேர் என்ன பேசுவார்கள்? வேகமான பிள்ளை சொல்லும், மெதுவான பிள்ளை எழுதும். ஃபிராங்க் லைமன் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1981இல் முன்வைத்த முறையில் வரிசை தெளிவாக இருக்கிறது: முதலில் தனியாக யோசி, அப்புறம் பக்கத்தில் இருப்பவரிடம் சொல், அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும். அந்த முதல் படியை நாம் எல்லோரும் அவசரத்தில் விட்டுவிடுகிறோம். இரண்டு நிமிடம் ஊசி விழுந்தால் கேட்கிற அமைதி. நோட்டில் ஏதாவது ஒன்று, தப்பாக இருந்தாலும், எழுதியிருக்க வேண்டும். வெறும் நோட்டோடு யாரும் ஜோடி சேரக் கூடாது.

ஜோடிக்கு ஒரு கணக்கு என்பதையும் விடுங்கள். எல்லோருக்கும் ஒரே கணக்கு. அப்போதுதான் அடுத்த பாயில் என்ன விடை வந்தது என்று எட்டிப் பார்ப்பார்கள், சண்டை போடுவார்கள், அந்தச் சண்டைதான் நமக்கு வேண்டும். பதினோரு பேர் என்றால் மூன்று மூன்றாக மூன்று குழு, இரண்டு பேராக ஒன்று. முன் பாய்ப் பெண்களைப் பிரித்துவிடுங்கள், கொஞ்சம் முறைப்பார்கள்.

கடைசிப் பாய்த் தம்பியைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். அவனுக்கு முக்கோணவியல் பிரச்சினையாக இருக்காது. 30°க்கு tan மதிப்பு 1/√3 என்று எழுதியபிறகு குறுக்கே பெருக்குவது வராமல் இருக்கலாம், அது ஏழாம் வகுப்பு விஷயம். தனியாகப் பத்து நிமிடம் முன்னால் வரச்சொல்லி, பின்னம் இரண்டு கொடுத்துப் பாருங்கள். அப்புறம் அன்றைக்கு வகுப்பில் வரப்போகிற ஒரு கேள்வியை அவனுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். யோசித்து வைத்துக்கொள்ளட்டும்.

வடசென்னை_வேதியியல்
புதன், காலை 7.40

இரண்டு மீடியம் கலந்திருந்தால் எப்படிச் சமாளிப்பது? என் பேட்சில் தமிழ் மீடியம் பிள்ளைகள் பேசவே கூச்சப்படுகிறார்கள்.

சாக்பீஸ்
புதன், காலை 8.15

போர்டின் இடது ஓரத்தில் தமிழ், இங்கிலீஷ் இரண்டு சொல்லையும் எழுதி, பாடம் முடியும் வரை அழிக்காமல் விடுங்கள். விளக்கச் சொல்வது எப்போதும் தமிழ்ச் சொல்லிலிருந்து. இறக்கக் கோணம் என்றால் இறங்குகிறது என்று தமிழ் மீடியம் பிள்ளைக்கு உடனே தெரியும். இங்கிலீஷில் அது ஆங்கிள் ஆஃப் டிப்ரஷன், அந்த மீடியத்துக்கு டிப்ரஷன் என்றால் மனசு சரியில்லை என்பதுதான் தெரியும். அந்த இடத்தில் தமிழ் மீடியம் பிள்ளை மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கட்டும். கூச்சம் பாதி போய்விடும்.

ஓய்வு_வாத்தியார்
புதன், காலை 9.30

பிள்ளைகளே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது அமெரிக்காவிலிருந்து வந்தது என்று யாராவது நினைத்துவிடப் போகிறீர்கள். அது எங்கள் எழும்பூர்க் கதை.

1789இல் எழும்பூரில் ராணுவத்தாரின் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கு ஒரு விடுதிப் பள்ளி இருந்தது. அதற்குப் பொறுப்பாக வந்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். இங்கே நாட்டுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதை அவர் பார்த்திருக்கிறார். தன் பள்ளியிலும் அதைச் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை. ஆகவே எட்டு வயசுப் பையன் ஒருவனிடம் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித்தரும் வேலையைக் கொடுத்தார். அவன் நன்றாகவே செய்தான். அதை வைத்து முழுப் பள்ளியையும் மாற்றி, 1797இல் லண்டனில் புத்தகமாகப் போட்டார். மதராஸ் முறை என்ற பெயரில் அது இங்கிலாந்தெல்லாம் பரவிற்று. செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் அவர் கொடுத்த பணத்தில் எழுந்த பள்ளிக்கு இன்றைக்கும் மதராஸ் காலேஜ் என்றுதான் பெயர்.

நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் இதற்குச் சட்டாம்பிள்ளை என்று ஓர் ஆளே இருந்தான். ஆனால் ஒன்று, சட்டாம்பிள்ளைக்குப் பாடமும் தெரியும், கையில் பிரம்பும் இருக்கும். கொஞ்ச நாளில் பாடம் போய்ப் பிரம்பு மட்டும் மிஞ்சும். அதனால் அந்த இரண்டு பெண்களையும் நிரந்தரச் சட்டாம்பிள்ளை ஆக்கிவிடாதீர்கள் அம்மா. வாரம் ஒருவர், சுற்றில் வரட்டும். அவர்கள் இருவருக்கும் வேறு வேலை கொடுங்கள்: இந்தக் கணக்கில் மற்றவர்கள் எங்கே தப்புச் செய்வார்கள் என்று யூகித்து எழுதச் சொல்லுங்கள். சென்டம் வாங்குகிற பிள்ளைக்கும் அது லேசில் வராது.

(நான் வேலையில் இருந்தவரை டியூஷன் எடுத்ததில்லை. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு பள்ளி ஆசிரியர் தனி டியூஷன் எடுக்கக் கூடாது என்கிறது. தங்கச்சி பி.எட். முடித்து வேலைக்குப் போனால் இந்த மாடி வகுப்பை மூடவேண்டும், நினைவிருக்கட்டும்.)

சென்டம்_சார்
புதன், மாலை 4.18

எழும்பூர்க் கதை எனக்குத் தெரியாது. நன்றி வாத்தியார் சார்.

சரி, நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். தொடுகோடு வரைவது, வரைபடம் போடுவது, இதற்கெல்லாம் பேச்சு தேவையில்லை. காம்பஸ் ஆளுக்கொன்று, வாயை மூடிக்கொண்டு போட வேண்டும், நாம் சுற்றி வந்து பென்சில் முனை கூர்மையா என்று பார்க்க வேண்டும். அதைக் குழுவாகச் செய்தால் காம்பஸ் ஒருவன் கையில்தான் இருக்கும். ஆனால் வார்த்தைக் கணக்குகளில் (வயசு, வேகம், கோபுரம், படகு) என் பிள்ளைகளும் வாக்கியத்தைப் படமாக மாற்றும் இடத்தில்தான் விழுகிறார்கள். அங்கே பேசவிடலாம்.

டெஸ்ட் விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற இரண்டு உளவியலாளர்கள் செயின்ட் லூயிஸ் நகரில் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள், ஒருமுறை படித்துவிட்டுப் பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதியவர்கள் என்று இரண்டு கூட்டம். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் படித்தவர்கள் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் எழுதிப் பார்த்தவர்கள் முன்னால். அதனால் வகுப்பு ஆரம்பித்த உடனே, நோட்டைத் திறக்காமல், போன வகுப்பிலிருந்து மூன்று கேள்வி. மார்க் போடாதீர்கள், வாசிக்காதீர்கள் (அம்மா சொன்னது சரி). அவர்களே திருத்திக்கொள்ளட்டும். நான் மார்க் போட்டுத்தான் வந்திருக்கிறேன், இனி யோசிக்க வேண்டும்.

சாக்பீஸ்
புதன், இரவு 9.50

அப்படியானால் தொண்ணூறு நிமிடம் ஏறக்குறைய இப்படி விழும். சென்டம் சாரின் மூன்று கேள்வி, திருத்துவதோடு சேர்த்துப் பன்னிரண்டு நிமிடம். அப்புறம் நீங்கள் புதிதாக ஒன்றைச் சொல்லித்தரலாம், ஆனால் பதினைந்து நிமிடத்தில் நிறுத்திவிடுங்கள், போனில் அலாரம் வையுங்கள். அதற்குப் பிறகு ஒரே ஒரு நல்ல கணக்கு. தனியாக, குழுவாக, போர்டில் என்று அதற்கு நாற்பது நிமிடம் போகட்டும். ஒரு கணக்குக்கு நாற்பது நிமிடமா என்று மனசு அடித்துக்கொள்ளும். ஐந்து கணக்கை வேகமாகப் போட்டு ஏழு பேர் தப்புச் செய்ததற்கு இது தேவலை. மீதி நேரம் ஆளாளுக்குத் தனியாக, அமைதியாக, அதே வகையில் இரண்டு. அப்போது நீங்கள் யார் பக்கத்தில் உட்காரவேண்டுமோ உட்காரலாம்.

சத்தத்துக்கு: பேச ஆரம்பிக்கும் முன் எப்போது நிறுத்தவேண்டும் என்று சொல்லிவிடுங்கள். "ஆறு நிமிடம், முடிந்ததும் குழுவில் யாரை வேணாலும் எழுப்புவேன்." யாரை என்று முன்னால் சொல்லக் கூடாது. அந்த ஒரு வரிதான் வேகமான பிள்ளையை மெதுவான பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வைக்கும். கடைசிப் பாய்த் தம்பிக்கு மட்டும், மாடிப்படி சொன்னபடி, முன்பே தெரிந்திருக்கட்டும்.

உங்களுக்கே விடை தெரியாத கேள்வி வரும், வந்தே தீரும். மழுப்பாதீர்கள். "தெரியல, வெள்ளிக்கிழமை பார்த்துட்டு வரேன், நீங்களும் பாருங்க" என்று சொல்லி போர்டு மூலையில் எழுதிவையுங்கள். வெள்ளிக்கிழமை மறக்காமல் அதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அதுதான் முக்கியம்.

பெரம்பூர்_கணக்கு
மூன்று வாரம் கழித்து, வெள்ளி, இரவு 9.20

தாமதத்துக்கு மன்னிக்கவும். எட்டு வகுப்பு முடிந்தது, ஒரு நாள் மழையில் போயிற்று. தகரத்தில் மழை விழும்போது கேள்வி கேட்பதும் ஒன்றுதான், கேட்காததும் ஒன்றுதான்.

பெற்றோரைக் கூப்பிட்டேன். ஐந்து பேர் வந்தார்கள். 50, 150 கணக்கையே அவர்களிடம் கொடுத்தேன். ஒரு அப்பா, ஆட்டோ ஓட்டுபவர், கீழே நின்ற தன் வண்டியைக் காட்டி "50 மீட்டர்னா கழுத்து வலிக்குமே" என்றார். நான் ஒன்றும் விளக்கத் தேவைப்படவில்லை. ஒரு அம்மா மட்டும் "எத்தனை கணக்கு போட்டீங்கன்னு நோட்டைப் பார்த்தாத்தான் எங்களுக்குத் தெரியும்" என்றார். அதனால் கடைசி இருபது நிமிடத் தனிப் பயிற்சியைத் தனி நோட்டில் போடச் சொல்லியிருக்கிறேன்.

கடைசிப் பாய்த் தம்பிக்குப் பின்னம்தான் தகராறு. மாடிப்படி சொன்னது அப்படியே. முக்கால் மணி நேரம் முன்னதாக வருகிறான், வீட்டில் யாருக்கும் சொல்லவில்லையாம், சொல்லவேண்டாம் என்றான். போன புதன் போர்டில் நின்றான். முன் பாய்ப் பெண் சொன்ன ஒரு வரியை எழுத மறுத்துவிட்டு "எதுக்கு √3ஆல பெருக்கணும்?" என்று கேட்டான். அவளால் உடனே சொல்ல முடியவில்லை. நான் தண்ணீர் குடித்தேன், பாட்டில் காலியாகும் வரை.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். இன்றைக்கு அதே வகைக் கணக்கு கொடுத்ததில் மூன்று பேர் இன்னமும் கோணத்தைச் சுவரோரம்தான் வைத்திருக்கிறார்கள். "டைம் வேஸ்ட்" என்ற பையன் போன வாரத்தோடு நின்றுவிட்டான், ஆறு தெரு தள்ளி வேறு இடத்தில் சேர்ந்திருக்கிறான். அது கொஞ்சம் வலித்தது.

இன்றைய வகுப்பைப் போனில் பதிவுசெய்து, நான் பேசியதை மட்டும் கூட்டிப் பார்த்தேன். 38 நிமிடம்.

சென்டம்_சார்
வெள்ளி, இரவு 9.31

38 இன்னும் அதிகம்.

ரெண்டு_பிள்ளை_அம்மா
வெள்ளி, இரவு 9.44

சார், நீங்களும் பதிவுசெய்து பார்த்தீர்களா?

சென்டம்_சார்
வெள்ளி, இரவு 10.20

பார்த்தேன். 71. திங்கட்கிழமை என்ன பாடம் தங்கச்சி?

பெரம்பூர்_கணக்கு
வெள்ளி, இரவு 10.24

அளவியல் சார். கூம்பின் இடைக்கண்டம்.

சென்டம்_சார்
வெள்ளி, இரவு 10.26

சூத்திரத்தை எழுதுவதற்கு முன்னால் நடுவில் ஒரு பக்கெட்டை வைத்துவிடுங்கள், அதுவும் நுனி வெட்டிய கூம்புதானே. வீட்டில் இருக்கிற பழைய பிளாஸ்டிக் பக்கெட் போதும். மேல் விட்டம், கீழ் விட்டம், உயரம் எல்லாம் அவர்களே அளக்கட்டும். எத்தனை லிட்டர் என்று குழுவுக்கு ஒரு விடை வாங்கிக்கொண்டு, அப்புறம் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். அளக்க ஒரு லிட்டர் பாட்டில் உங்களிடம்தான் இருக்கிறதே.